சுருட்டு முதலாளியின் இரண்டாம் பாகம்

சிறைக்குப் போய்ப் பெயரெடுத்த மனிதர்களில் ஒருத்தராவது சாதுவாகப் படத்துக்கு நின்றிருக்கக் கூடாதா என்று சண்முகலிங்கத்துக்கு அலுத்துப்போனது.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் அவருடைய பழைய புத்தகக் கடை. வாழ்க்கை வரலாறு, சுயசரிதை என்று ஒரு தட்டு நிறைய இருந்தது. அதைத் தேடி வருகிறவர்கள் பென்சன் எடுத்த கிளாக்கர்மார்தான். ஊரில் வீடு வளவை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு, இன்னொருத்தன் பட்ட பாட்டை வாசிப்பதில் ஒரு ஆறுதல்.

இப்போது ஓயாமல் வருகிறவள் பாமன்கடையில் குடியிருக்கும் ஜெகதீஸ்வரி. அவள் புருஷன் நவரத்தினத்தைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோய் ஒரு வருசமாகப் போகிறது. வழக்குமில்லை, விடுதலையுமில்லை. பார்க்கப் போனால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பான். பேச்சே விட்டுப்போயிருந்த மனிதன் ஒருநாள் ஒன்றே ஒன்று சொன்னான்: "உள்ள இருந்து வெளிய வந்த ஒரு பெரிய ஆளின்ர கதை கொண்டு வா."

சொல்வது லேசு. சிறை வாசலில் இருக்கிற அதிகாரிக்குத் தமிழ் வாசிக்க வராது. படத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தை உள்ளே விடுவார். படமே இல்லாவிட்டால் சந்தேகம் இரட்டிப்பு.

முதல் கொடுத்தது ஒரு தலைவருடைய கதை. சனக்கூட்டமும் உயர்த்திய கையுமாகப் படம். வாசலோடு திரும்பி வந்தது. அடுத்தவர் விஞ்ஞானி. தாடியையும் கையிலிருந்த கண்ணாடிக் குழாயையும் பார்த்த அதிகாரி, புத்தகத்தைத் தன் மேசை லாச்சிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். மூன்றாவது, ஒரு துறவி. அவர் சும்மாதான் இருந்தார். ஆனால் பின்னட்டையில் அவர் நடந்து திரிந்த நாடுகளின் வரைபடம்.

"மாப் எண்டா விடவே மாட்டினமாம், அண்ணை."

"சாமியாரும் வேவு பாக்கத்தான் போனவர் எண்டு நினைச்சிட்டாங்கள் போல."

அவள் சிரிக்கவில்லை. கடைக்காரர் பகிடிக்குச் சிரிக்கிற தெம்பு அவளுக்கு எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

சண்முகலிங்கம் தட்டின் அடியில் கிடந்ததை அலுப்போடு இழுத்தார். யாழ்ப்பாணத்துச் சுருட்டு முதலாளி ஒருவர் தன் அறுபதாம் கலியாணத்துக்குத் தானே எழுதித் தானே அடிப்பித்த சுயசரிதை, முதலாம் பாகம். புறக்கோட்டையில் கடை, கொட்டாஞ்சேனையில் அறை, ஊரில் கிராமச் சங்கத் தலைவர் பதவி. முகப்பில் ஒரு படம்: கோட்டும் தலைப்பாகையுமாக முதலாளி ஒரு மதகைத் திறந்து வைக்கிறார், பக்கத்தில் அந்தக் காலத்துச் சிங்கள மந்திரி ஒருவர், மாலையோடு.

"இவர் உள்ள இருந்தவரோ அண்ணை?"

"கல்லாப்பெட்டிக்குப் பின்னால இருந்தவர். வேற ஆளில்லைத் தங்கச்சி."

சிறை வாசலில் அதிகாரி படத்திலிருந்த மந்திரியைப் பார்த்தார். "ஹொந்தாய்" என்று சிங்களத்தில் மெச்சினார். புத்தகம் உள்ளே போய்விட்டது.

அடுத்த கிழமை ஜெகதீஸ்வரி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அண்ணை, ரெண்டாம் பாகம் இருக்கோ?"

"அதை ஆர் வாசிச்சது?"

"எல்லாரும். ஒராள் வாசிக்க மற்றவை சுத்தி இருந்து கேக்கினமாம். விடிய எழும்பினது, தேத்தண்ணி குடிச்சது, கடை திறந்தது... அதையே திருப்பித் திருப்பி வாசிக்கச் சொல்லினமாம். கடைசியில முதலாளி கோட்டை ஸ்ரேசனில யாழ்ப்பாண மெயில் ஏறுறார். அதோட முடியுது. வீட்டை போய்ச் சேர்ந்தாரோ எண்டு இவர் கேக்கிறார்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "ஒரு வருசத்தில இவர் என்னட்டக் கேட்ட முதல் கேள்வி, அண்ணை."

சண்டையால் அந்த ரெயில் இப்போது வவுனியாவுக்கு அப்பால் போவதில்லை. ஆனால் சண்முகலிங்கம் தலையைச் சொறிந்தது அதற்காக அல்ல. இரண்டாம் பாகத்தை, விலைபோகாத சாமான் என்று, கடலைக்காரி சீனியம்மாவுக்குக் காகிதச் சரை சுற்ற நிறுத்துக் கொடுத்திருந்தார்.

சீனியம்மா ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். ரெயில் பாதையோரம்தான் வண்டி. புத்தகத்தின் பாதி கடலையோடு போயிருந்தது; மிச்சம் பெட்டிக்கு அடியில் கிடந்தது. படம் போட்ட முகப்புத் தாள், அந்த ஒற்றை மட்டும் வண்டியின் முன்பலகையில் ஒட்டியிருந்தது. முதலாளிக்கு வேறு படம் இருக்கவில்லைப் போலும். அதே மதகு, அதே மந்திரி.

"மிச்சத்த எடுத்துக்கிட்டுப் போங்க மொதலாளி. அந்தப் படத்தத் தர மாட்டேன். அத ஒட்டுன பொறகு பொலிஸ்காரன் வண்டிய வெரட்டுறதே இல்ல. யாருன்னு கேட்டான், மாமான்னேன்."

"சுருட்டு முதலாளி உனக்கு மாமாவோ?"

"அவரு இல்லீங்க. மந்திரி."

கொள்ளுகிறவன் அவசரத்தைக் காட்டினால் விலை ஏறும் என்பது சண்முகலிங்கம் வளர்ந்த கடையில் முதல் பாடம். ஏதோ பொழுதுபோக்குக்குக் கேட்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"நல்ல வெள்ளைக்காரக் கவர்னர் படமொண்டு தாறன். மெடலெல்லாம் குத்தியிருக்கு."

"தொரமாரப் பாத்தது போதுங்க."

"நடிகர் ஒருத்தற்ற கலர்ப் படம்?"

"பொலிஸ்காரனே கழட்டிக்கிட்டுப் போயிருவான்."

இவளை ஒரு புறக்கோட்டைக் கடையில் இருத்தியிருந்தால் தெருவையே வாங்கியிருப்பாள் என்று நினைத்தார். அதற்கு மேல் இழுக்க அவருக்குச் சக்தியில்லை. வண்டிப் பிடியில் சாய்ந்துகொண்டு உள்ளதைச் சொன்னார்.

"உள்ள இருக்கிற ஒருத்தன் வாசிக்கக் கேக்கிறான் சீனியம்மா. படம் இல்லாட்டி விடமாட்டாங்கள். கதை தொடங்கிறதும் அந்த ஒற்றையின்ர பின்பக்கத்திலதான்."

சீனியம்மா கடலை வறுப்பதை நிறுத்தினாள்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? என் தம்பியையும் மருதானப் பொலிஸ்ல புடிச்சு வச்சிருந்தவனுங்கதானே."

விரலைத் தண்ணீரில் தோய்த்து மூலை மூலையாக நனைத்து உரித்தாள்.

"பொலிஸ்காரன் கேட்டா?"

"மாமா ஊருக்குப் போயிட்டாருன்னு சொல்லிக்கிறேன்."

சண்முகலிங்கம் ஒற்றையைத் திருப்பினார். பசை சில எழுத்துக்களைத் தின்றிருந்தது. மிஞ்சியதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார்: 'விடியற்புறம் வீட்டுப் படலையடிக்கு வந்து சேர்ந்தேன். நாய் என்னை அடையாளம் மட்டுக்கட்டாமல் குரைத்தது. உள்ளே விளக்கு எரிந்தது.'

பாணந்துறைப் பக்கம் போகிற ரெயில் ஒன்று காற்றைக் கிளப்பிக்கொண்டு போனது. ஈரம் காயும்வரை, ஒற்றை பறந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி அவர் அங்கேயே நின்றார்.