சுற்றிப்போட்ட கல்லுப்பு

சோதனைக் குழாயில் சில்வர் நைட்ரேட்டை மூன்று சொட்டு விட்டதும் பால்போலக் கலங்கிவிட்டது. இரண்டாவது முறையும் அப்படித்தான். பின்னால் நின்ற அன்புச்செல்வன் எட்டிப் பார்த்துவிட்டு ஓரடி நகர்ந்துகொண்டார்.

அரியமங்கலத்தில் உள்ள எங்கள் சின்னக் கம்பெனியில் கல்லூரி ஆய்வகங்களுக்கான ரசாயனங்கள் தயாராகின்றன. செய்வது அன்புச்செல்வன். சோதித்துக் கையெழுத்துப் போடுவது நான், பெலிண்டா. சாதாரணச் சரக்கையே எத்தனை நாள் செய்வது, உயர்தரப் பொட்டாசியம் நைட்ரேட் செய்துகாட்டுகிறேன் என்று ஆறு மாதமாக மனுஷர் ஒரே பிடியாக நின்றார். கரைப்பார், வடிகட்டுவார், படிகமாக்குவார், மறுபடி கரைப்பார். ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். இப்போது முன்னூறு கிலோ தயாராக நிற்கிறது. அதில் உப்பு துளியும் கலந்திருக்கக் கூடாது. கலந்திருந்தால் சில்வர் நைட்ரேட் தண்ணீரைக் கலக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் மொத்தமும் பழைய தரத்து மூட்டைகளோடு போக வேண்டியதுதான்.

காலையில் அந்தப் படிகங்களைத் தட்டில் கொட்டி வைத்தபோது கம்பெனியே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கே பெருமை பிடிபடவில்லை. இப்போது அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"ஃபெயில்னு எழுதிடுங்க மேடம்," என்றார். "உங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை என்னவோ செய்தது. படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். முதல் கட்டம் காலியாக இருந்தது.

சரக்கைக் கரைக்கும் வெறும் தண்ணீரைச் சோதித்து, அந்தக் கட்டத்தில் டிக் போட்ட பிறகுதான் சரக்கைத் தொட வேண்டும். பதினொரு வருடத்தில் ஒருநாளும் நான் விட்டதில்லை. இன்றைக்குச் சந்தோஷத்தில் விட்டிருக்கிறேன். மேஜைமேல் இருந்த வாஷ் பாட்டிலை எடுத்து வெறும் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சி மூன்று சொட்டு விட்டேன். அதுவும் பால்.

"அன்பு, உங்க சரக்குல தப்பில்ல! தண்ணியிலதான்!"

நானே காய்ச்சி வடித்த தண்ணீர். யார் இந்தப் பாட்டிலைத் தொட்டது என்று நான் போட்ட கத்தலில், அறைகளைப் பெருக்கித் துடைக்கும் வீரம்மாள் மாப்புக் குச்சியோடு ஓடிவந்தார்.

"நான்தாம்மா. காலையில அத்தன பேரும் என்னா வெள்ளை, என்னா வெள்ளைன்னு வாயப் பொளந்தாங்க. தம்பி ராப்பகலா உழைச்சது, கண்ணு பட்டுடாதா? இடுப்பு முடிச்சுல இருந்த கல்லுப்ப எடுத்துத் தட்டச் சுத்தினேன். கரைக்கணுமே, குழாயில தண்ணி வரல. அந்தப் பாட்டில்ல போட்டேன்."

"அதுல ஏங்க போட்டீங்க?"

"இருக்கறதுலயே சுத்தமான தண்ணி அதுதான்னு நீங்கதானம்மா சொல்லுவீங்க?"

அன்புச்செல்வன் முக்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. "சிரிங்க, நல்லா சிரிங்க," என்று வீரம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குழாயில் தண்ணீர் வந்ததும் பாட்டிலை ஏழு தடவை கழுவி, புதிதாக வடித்த தண்ணீரை நிரப்பினேன். முதலில் வெறும் தண்ணீர். தெளிவாக நின்றது. கட்டத்தில் டிக் போட்டேன். பிறகு படிகத்தைக் கரைத்து ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, மூன்று சொட்டு. துளி கலங்கல் இருந்தாலும் தெரியும்படி கறுப்புத் தாளுக்கு முன்னால் குழாயைத் தூக்கிப் பிடித்தேன்.

வீரம்மாள் கிட்டே வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, உள்ள ஒண்ணுமே தெரியலயே?" என்றார் கவலையாக.

அன்புச்செல்வன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தையும் குழாயையும் மாறிமாறிப் பார்த்த வீரம்மாளின் கை மெதுவாக இடுப்பு முடிச்சுக்குப் போனது. நான் குழாயை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.