சிலுவைப் பக்கம்

கறுத்துப்போன பித்தளைப் பீரோச் சாவிக்கு நிக்கல் முலாம் பூச, ஜெபசிங் அதையும் ஒரு நிக்கல் தகட்டையும் கரைசலில் தொங்கவிட்டு பேட்டரியில் கம்பி கொடுத்தார். சாயங்கால ஞானஸ்நானத்துக்கு மனைவி ஷாரோன் கட்டவேண்டிய பட்டுப்புடவை பீரோவுக்குள் இருந்தது. முலாம் ஏறவில்லை. சாவிதான் இளைத்துக்கொண்டே வந்தது.

"சாவிய எதுலய்யா மாட்டிகினு கீற?" என்றாள் ஷாரோன்.

"பிளஸ்லதான். சிலுவை போட்ட பக்கம், கெடுதல் வருமா?"

"அய்ய, அதுல மாட்டுனா கரைஞ்சி பூடும்! மைனஸுக்கு மாத்து."

"நல்ல நாளும் அதுவுமா மைனஸா?" என்று முணுமுணுத்தபடி மாற்றினார். சாவி பளபளத்தது. ஆனால் ஊசியாய் மெலிந்த அது அவர்கள் பீரோவைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூங்கொடி விளையாட்டாகத் தன் பீரோவில் போட்டாள், திறந்தது. தெருவில் எல்லார் பீரோவும் திறந்தது.

பூங்கொடியின் பட்டில் கிளம்பிய ஷாரோனிடம் ஜெபசிங் சொன்னார்: "பாத்தியா, சிலுவைப் பக்கம் வீண் போவல."