காதுக்கு முந்திய கால்

"காது குத்தாத புள்ளைக்குக் காலக் குத்தறதா? தாய்மாமன் நானென்ன செத்தா போயிட்டேன்?"

மாணிக்கம் போட்ட கத்தலில், அடுப்படியில் இருந்த அவன் தங்கை அத்தாயி வெளியே ஓடி வந்தாள். அவள் மகள் கோகிலாவுக்கு ஐந்து வயது. இடது முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டிய இரண்டு எலும்புகளில் ஒன்று பிறவியிலேயே இல்லை. மற்றது குட்டையாகி வளைந்திருந்தது. சேலத்து டாக்டர் வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார். எலும்பை வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டி, எலும்புக்குள் கம்பி குத்தி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் கால் நீளுமாம். வயது ஏற ஏறச் சிரமமாம்.

பிறந்ததிலிருந்து அந்தக் கால் கொல்லிமலையில் யார் கண்ணையும் உறுத்தவில்லை. குத்தாத காதுதான் திடீரென்று ஊர் மானத்தை வாங்கியது. உடம்பில் முதல் ஊசி காதில், அதுவும் மாமன் மடியில்தான் ஏற வேண்டும் என்பது முறை. போலியோ, அம்மை என்று போட்ட ஊசியெல்லாம் எதில் சேர்த்தி என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"மடி குடுங்க மச்சான்," என்று கெஞ்சினான் அத்தாயியின் புருஷன் சின்னுசாமி.

"போன நோம்பி விருந்துல என்னய ரெண்டாம் பந்தியில உக்கார வெச்சீங்கல்ல? மேளத்தோட வந்து கூப்புடுங்க, பாக்கறேன்."

மேளம் போனது. கிடா விழுந்தது. மாமன் மடியில் கோகிலா அலறினாள். வந்தவர்கள் தோடு அழகு என்றார்கள், கறியில் உப்புக் கம்மி என்றார்கள்.

வியாழக்கிழமைக்குள் காது சீழ் பிடித்துக் காய்ச்சல் அடித்தது. டாக்டர் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, புண் ஆறியதும் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

புண் ஆறியது. துளையும் தூர்ந்துபோனது. மறுபடி சேலம் புறப்பட்ட காலையில், பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றான் மாணிக்கம்.

"தொள மூடிக்கிச்சாமில்ல? அப்ப அது குத்தாத காதுதான். மேளக்காரனுக்குச் சொல்லியுடுங்க!"

சின்னுசாமி நிஜமாகவே இறங்க எழுந்தான். அத்தாயி விடவில்லை. புருஷன் துண்டைப் பிடித்திழுத்து உட்கார வைத்தாள்.

"எம்புள்ள காதுல நடக்கப் போறதில்லீங்கண்ணா. வழிய உடுங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் ஹாரனை அழுத்தினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா முதல் வேலையாகக் குழந்தையின் காதைத்தான் தடவிப் பார்த்தார்.

"தோடு கீடு இருந்தாக் கழட்டீருங்க. அதெல்லாம் போட்டுக்கிட்டு ஆபரேஷனுக்கு உள்ள வரக்கூடாது."

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் அத்தாயி. சின்னுசாமி தலையைக் குனிந்துகொண்டான்.