எப்படிக் கரையேறினாள்?

1

கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கப் போன இடத்தில்தான் இந்தக் கதை என் கையில் சிக்கியது. தையல்காரி தன் சக்கர நாற்காலியை மேசையோடு ஒட்டி நிறுத்தி, தடித்த பஞ்சு வைத்த கறுப்பு இருக்கை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். இயந்திரத்தின் மிதி தரையில் இல்லை. மேசைமேல் ஏறி அவள் முழங்கைக்கு அடியில் இருந்தது.

“பைக் சீட்டா?” என்றேன்.

“படகு சீட்டு. எனக்குத்தான். ஏரிக்குப் போய்வந்ததுல தையல் விட்டுடுச்சு” என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். ‘காலைச் சூரியன் ஏரியில் பொன்னை உருக்கி...’ (வேண்டாம். அவள் போன அன்று ஒரே மேகமூட்டம்.) ‘அவளுக்குக் கால்கள் இல்லை, ஆனால் சிறகுகள்...’ (அபத்தம். கால்கள் இருக்கின்றன. இடுப்புக்குக் கீழே உணர்வுதான் இல்லை.)

(அது எப்படி ஆனது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். “படகுக் கதை வேணுமா, ஆஸ்பத்திரிக் கதை வேணுமா?” என்றாள். படகு போதும் என்றேன்.)

2

ஏரியில் கயாக் ஓட்டக் கற்றுத்தருகிறவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். கயாக் என்றால், ஒருவர் மட்டும் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையும் அகன்ற துடுப்பால் வலித்துப் போகிற ஒடுக்கமான படகு. மிதவைச் சட்டைகளுக்கு வார் மாற்றக் கடைக்கு வந்தவர், “நீங்களும் ஒருநாள் வரலாமே அக்கா” என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவைத்தார். அடுத்த ஞாயிறே அவள் ஏரிக்கரையில் போய் நின்றாள்.

(‘நின்றாள்’ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை. அவளும் அப்படித்தான் சொன்னாள்.)

சிக்கல் இடுப்பில் இருந்தது. முதுகுக்குப் பிடிப்பு இல்லாவிட்டால் உடம்பு பக்கவாட்டில் சரிந்துவிடும். அதற்காகத்தான் உயரமான சாய்மானம் வைத்த அந்த இருக்கை. கூடவே இடுப்பைச் சேர்த்துக் கட்ட ஒரு பட்டையும் தைத்திருந்தாள். மாஸ்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“பெல்ட் வேண்டாம்க்கா.”

“இல்லாட்டி சாஞ்சிடுவேன் மாஸ்டர்.”

“சாஞ்சா நிமிர்ந்துக்கலாம். பெல்ட்டோட படகு கவுந்தா தலைகீழாத் தொங்குவீங்க. அதைக் கழட்டுறதுக்குள்ள மூச்சு போயிடும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவருடைய போனை எடுக்கவில்லை. பிறகு தானே கத்தரியை எடுத்துப் பட்டையை வெட்டினாள். அந்தத் துணியைக் கொண்டே இருக்கையின் இரு பக்கமும் விலாவரை வருகிற மாதிரி அணைப்பு வைத்தாள்.

3

மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டார். ஏரிக்குள் போவதற்குமுன், ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே கவிழ வேண்டும். கவிழ்ந்து, தானே வெளியே வர வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். “நீ முங்குறத நான் பாக்க மாட்டேன்” என்று வேனுக்குள் உட்கார்ந்து ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

“ஆழம் தெரியாம காலை விடாதேம்பாங்க” என்றாள் அவள் மாஸ்டரிடம். “எனக்குக் காலை விட்டதே தெரியாது.”

சிரித்தாள். துடுப்பை இறுகப் பிடித்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். படகு புரண்டது. மூக்கில் தண்ணீர், கண்ணில் இருட்டு. கைகள் படகின் விளிம்பைத் தேடிப் பிடித்து உந்தின. கால்கள் வேறு யாரோ கொடுத்துவிட்ட சாமான் மாதிரி பின்னால் வந்தன. மிதவைச் சட்டை அவளை மேலே தூக்கியது.

இருமிக்கொண்டே நிமிர்ந்தபோது ரேடியோ நின்றிருந்தது. வீட்டுக்காரர் படித்துறையின் உச்சியில் வெறுங்காலோடு நின்றார்.

“இன்னொரு தடவை” என்றாள் அவள்.

4

‘ஏரி நடுவில் துடுப்பை மடியில் வைத்தாள். தள்ளுவதற்குப் பின்னால் யாரும் இல்லை. காற்று படகை மெல்லத் திருப்பியது. திரும்பட்டும் என்று விட்டாள்.’

இதை எழுதி முற்றும் போட்டுவிட்டேன். பெருமையாகக் கடைக்குக் கொண்டுபோய் வாசித்தும் காட்டினேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:

“நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னைத் தண்ணிலயே விட்டுட்டு வந்துட்டீங்களே எழுத்தாளரே! நான் எப்படிக் கரையேறினேன்?”

5

ஆகவே, மறுபடியும் கரை.

போகும்போது கரையில் இருந்த நாலு பேர் அவளைத் தூக்கிப் படகில் வைத்திருந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். கேட்கவில்லை, தூக்கினார்கள். மூட்டைக்கு அக்குள் கூசாது, அவளுக்குக் கூசியது. திரும்பி வந்தபோது அதே நாலு பேர் கையை நீட்டிக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

அவள் துடுப்பைக் குறுக்கே வைத்தாள். “தூக்காதீங்க.”

வீட்டுக்காரர் விறுவிறுவென்று இறங்கி வந்தார்.

“நீங்களுந்தாங்க.”

“அப்ப நான் என்ன பண்ணட்டும்?”

“படகு ஆடாமப் பிடிங்க. அது போதும்.”

அவர் கால்சட்டையோடு தண்ணீரில் இறங்கி, படகை முட்டிகளுக்கு இடையில் இறுக்கிக்கொண்டார். அவள் கைகளை ஊன்றி, படித்துறையின் கடைசிப் படிக்கு உடம்பை மாற்றினாள். பிறகு பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறினாள். உணர்வில்லாத தோல் கல்லில் உரசினால் புண்ணாகிவிடும், அதுவும் தெரியாது. அதனால் தன் மிதவைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் அதை ஒவ்வொரு படியிலும் விரித்துக்கொண்டே வந்தார்.

பாதிப் படியில் கை ஓய்ந்துவிட்டது.

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்று: பல்லைக் கடித்துக்கொண்டு உச்சிவரை ஏறுகிறாள், எல்லாரும் கைதட்டுகிறார்கள். இரண்டு: வீட்டுக்காரரின் தோளில் சாய்கிறாள், அவர் தூக்கிப் போகிறார். மூன்று: மாஸ்டர் தச்சரைக் கூட்டிவந்து படிமேல் சரிவுப் பலகை போடுகிறார்.

மூன்றையும் வாசித்தேன். ஊசிக்கு நூல் கோத்தபடியே கேட்டாள்.

“மூணுலயும் நான் வாயே திறக்கலையே.”

“அங்க நிஜமா என்னதான் நடந்துச்சு?”

“அவர் ஈரத்தோட என் பக்கத்துல உக்காந்தார். மாஸ்டரும் ஒரு படி கீழ வந்து உக்காந்தார். அப்புறம் மாஸ்டர் கேட்டார், ‘எப்படிப் போகலாம்க்கா, சொல்லுங்க’ன்னு. அன்னிக்கு அதுதான் முதல் தடவை, எப்படிப் போகணும்னு ஒருத்தர் என்னைக் கேட்டது.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

முழங்கையால் மிதியை அழுத்தினாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

ஆகவே, வாசகரே, அவள் இன்னும் பாதிப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். மாஸ்டர் கேட்டுவிட்டார். அவள் இப்போதுதான் வாயைத் திறக்கிறாள். எப்படிக் கரையேறினாள் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும், இனி நான் பேசக் கூடாது. நீங்களும் கொஞ்சம் பொறுங்கள்.