ஐந்தாவது ஊசி

சுபாஜினி நோர்வேயில் பிறந்து வளர்ந்தவள். ஆகவே அவளுக்கு வெளிநாடு என்றால் யாழ்ப்பாணத்து உரும்பிராய்தான். பிள்ளைப்பேற்று லீவில், ஒன்பது மாதக் கைக்குழந்தை ஆரணியோடு, கணவனின் தமக்கை றஜனி வீட்டில் வந்து நின்றாள். நின்ற நாளெல்லாம் பூத்தையல்தான். செவ்வரத்தம் பூ, கீரிமலைக் கேணி, வேலியில் நிற்கும் ஓணான் என்று கண்ணில் பட்டதெல்லாம் துணியில் ஏறியது. "ஊர் பாக்க வந்தவள் ஊசியைப் பாத்துக்கொண்டிருக்கிறாள்" என்று றஜனி பகிடி பண்ணுவாள்.

ஊசி விஷயத்தில் மட்டும் சுபாஜினி கண்டிப்பு. பெட்டியில் ஐந்து ஊசி. தைக்க முன்னும் எண்ணுவாள், தைத்த பின்னும் எண்ணுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அடுப்பில் பால் பொங்கியது. பெட்டியைத் தான் இருந்த கதிரையில் வைத்துவிட்டுக் குசினிக்கு ஓடினாள். ஐந்து நிமிஷம் இருக்காது. திரும்பி வந்தால், ஆரணி கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கிறாள். வாயில் வீணீர். பெட்டி திறந்து கிடக்கிறது. எண்ணினாள். நாலு.

இன்னொருதரம் எண்ணினாள். நாலுதான்.

குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். பிள்ளை வீரிட்டு அழுதது. கிணற்றடியில் நின்ற றஜனி ஈரக்கையோடு ஓடிவந்தாள். பாயை உதறினார்கள், கதிரையைக் கவிழ்த்தார்கள், தரையைக் கையால் தடவினார்கள். ஊசி இல்லை.

"விழுங்கிட்டாள், மச்சாள்" என்றாள் சுபாஜினி. ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோ பிடித்தார்கள்.

ஓட்டோ ஓடிய ஓட்டத்தில் ஒவ்வொரு பள்ளமும் அவள் நெஞ்சில் விழுந்தது. குலுங்கினால் ஊசி எங்கே குத்துமோ! பிள்ளையை மடியில் படுக்க வைப்பதா, நிமிர்த்திப் பிடிப்பதா என்றுகூடத் தெரியவில்லை. ஆசை ஆசையாய்த் தைத்த அத்தனை பூவையும் அந்த நேரத்தில் அவள் வெறுத்தாள். தன்னை அதைவிட வெறுத்தாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். காத்திருந்த முக்கால் மணித்தியாலமும் றஜனி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் இளம் டொக்டர் ஒருத்தி வந்து, "தொண்டையிலயும் இல்லை, வயித்திலயும் இல்லை. வீட்டில வடிவாத் தேடுங்கோ" என்றாள். சுபாஜினி அழுதாள். ஆனால் பயம் முழுதாக விடவில்லை. அப்படியென்றால் ஊசி வீட்டுத் தரையில் அல்லவா கிடக்கிறது?

வீட்டு வாசற்படியில் பக்கத்து வீட்டுச் சிவகௌரியக்கா நின்றாள். கோயிலால் வந்த கோலம், நெற்றி நிறைய விபூதி. கையில் ஊசி.

"சட்டைக் கொழுக்கி அறுந்துபோச்சு, பிள்ளை. பூசைக்கு நேரமாச்சு, அதுதான் நீ குசினிக்குள்ள நிக்கேக்க வந்து எடுத்தனான்."

"கேட்டிருக்கலாமே!" றஜனி கத்தினாள்.

"வெள்ளிக்கிழமை ஊசி கேட்டு, நீங்கள் தந்தால் வீட்டுச் சீதேவியெல்லே போயிடும்? பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு. நானே எடுத்தால் நீங்கள் தந்ததாகாது."

பிள்ளைக்கு நல்லது நினைத்துச் செய்தவளை என்ன சொல்லி ஏச? சுபாஜினி பிள்ளையோடு அப்படியே படியில் இருந்துவிட்டாள்.

சிவகௌரி ஊசியைக் கையில் தரவில்லை. கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம். பக்குவமாகக் குனிந்து படியில் வைத்தாள். வெயிலில் அது மின்னியது. ஆரணி மடியிலிருந்து வழுகி, இரண்டு கையாலும் அதன்மேல் பாய்ந்தாள்.

சுபாஜினியின் உள்ளங்கை முந்திக்கொண்டு விழுந்தது. ஊசி சுருக்கென்று ஏறியது. மற்றக் கையால் பிள்ளையை இழுத்து அணைத்தபடி நிமிர்ந்தாள். மூன்று மணித்தியாலமாக வராத கோபம் இப்போது வந்தது.

"அக்கா, இனி எந்த வெள்ளிக்கிழமையெண்டாலும் என்னட்டைக் கேளுங்கோ" என்றாள். "சீதேவி போறதெண்டால் போகட்டும். நான் என்ரை கையாலயே தாறன்."