நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர்

சனிக்கிழமைக்கு லீவு இல்லை என்று செல்போனில் வந்த செய்தியைப் படித்ததும் வேல்ராஜுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஞாயிறு காலை ஏழரைக்குத் தூத்துக்குடியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். அதற்கு இருக்கிற ஒரே தாய்மாமன் இவன்தான். சனிக்கிழமை இரண்டாம் ஷிப்ட் முடிய இரவு பதினொன்று. அதற்குமேல் சென்னையை ஒட்டிய ஒரகடத்தில், கம்பெனி வாசலில் பஸ் ஏறினால், மொட்டையடித்து, கம்மல் போட்டு, பந்தியும் முடிகிற நேரத்துக்குத்தான் போய் இறங்குவான்.

சாப்பாட்டு இடைவேளையில் நேராக எச்.ஆர். அறைக்குப் போனான். அங்கே லீவு பார்க்கும் பிரவீனா கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"ரூல் தெரியும்ல அண்ணா? ஊரு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல இருந்தாதான் டிராவல் லீவு. உங்களுக்கு நானூத்தித் தொண்ணூத்திரெண்டு. நான் இன்னா பண்றது?"

"இது எங்கருந்து எடுத்தீங்க மேடம்?"

"நெட்லதான். ரெண்டு ஊர் பேரு போட்டா வந்துடுது."

திரையில் பெரிய எழுத்தில் 492. பக்கத்தில் பொடியாக 'வான்வழி'. அதற்கும் கீழே, யார் கண்ணிலும் படாத இடத்தில், 'சாலைவழி 578'.

"வான்வழின்னுல்லா போட்டிருக்கு! பறந்து போவ நான் என்ன காக்காயா?"

"டிஸ்டன்ஸ்னா டிஸ்டன்ஸ்தானேண்ணா?"

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. விடுவிடுவென்று தான் வேலை பார்க்கும் உற்பத்தி லைனுக்குப் போனவன், ஆறு இடத்தில் வளைந்த பிரேக் பைப் ஒன்றையும் அளவு டேப்பையும் கொண்டுவந்து மேசையில் போட்டான்.

"இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நேரா டேப்பைப் பிடிங்க. எவ்வளவு?"

"நாப்பது சென்டிமீட்டர்."

"வளைக்கிறதுக்கு முன்னால இதை நேர் பைப்பா வெட்டுவோம். நாப்பதுல வெட்டுனா ஒவ்வொரு வளைவும் கொஞ்சங்கொஞ்சமாத் தின்னுரும், மறுமுனை சக்கரத்தை எட்டாது. வண்டிக்குப் பிரேக்கே இருக்காது. அம்பத்திரெண்டு வெட்டணும். நீங்க வச்சிருக்க நம்பரு, ரெண்டு ஊரையும் பூமி உருண்டையில புள்ளியா வச்சுக் குறுக்கே கோடு இழுத்த கணக்கு. அந்தக் கோட்டுல பஸ்ஸு ஓடாது மேடம். விழுப்புரம் போவணும், திருச்சி போவணும், மதுரையில திரும்பிக் கடலைப் பாத்து எறங்கணும்."

பிரவீனா லீவுப் பட்டியலைத் திறந்து, அவன் பெயருக்கு நேரே 578 என்று அடித்தாள். சிவப்பு வரி பச்சையானது.

"அப்ரூவ்டு. வெளிய சொல்லிக்கினு இருக்காதீங்க."

கோபம் அத்தோடு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அவன் கண் அடுத்த வரியில் விழுந்தது. பேச்சி, தூத்துக்குடி, 492. பேக்கிங் பிரிவுப் பெண். போன மாதம் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக முடியாமல் கேன்டீனில் சோற்றைப் பிசைந்தபடியே அழுதவள்.

"இவளுக்கு?"

"அவங்க வந்து கேக்கலியே."

"கேக்காதவளுக்கு ரோடு சுருங்கிருமா?"

"அண்ணா, உங்க வேலை முடிஞ்சிடுச்சி. கெளம்புங்க. இல்லன்னா இதையும் கேன்சல் பண்ணிடுவேன்."

வேல்ராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பண்ணுங்க. தூத்துக்குடின்னு இருக்க எல்லாப் பேருக்கும் நம்பரை மாத்துத வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

இடைவேளை முடிந்து மணி அடித்தது. அவன் அசையவில்லை. பிரவீனா கதவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்; பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பேச்சியின் பெயரைத் திறந்தாள்.