குருசடியிலிருந்து வளைவு வரை

ஓடையிலிருந்து எடுத்து வந்த நீர்மாலைக் குடத்தை வாசலில் இறக்கும்போதே சித்ராவுக்குத் தெரிந்துவிட்டது, அண்ணன் மறுபடியும் மனம் மாறிவிட்டான் என்று. பந்தலுக்கடியில் பூபதிராஜா குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் பாண்டித்துரை ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். காலையில் அவள் சொன்னதற்கும் அதே தலைதான் ஆடியது.

அப்பாவை மரப்பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஆனைக்கல் எஸ்டேட் ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்த குருசாமி, எழுபத்தொரு வயதில், தலையில் எண்ணெயும் சீயக்காயும் வழிய, ஆளாளுக்கு ஊற்றிய பச்சைத் தண்ணீரைப் பேசாமல் வாங்கிக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தால், "வெந்நி போட ஒருத்திக்கும் துப்பில்லையா?" என்று லயத்து வீட்டுவரிசை முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டிருப்பார். மனுஷனுக்குக் குளிர் ஆகவே ஆகாது. அந்த நினைப்பு வந்ததும் சித்ராவுக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டிருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம் போனாள்.

"என்னண்ணே, என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல. வேதக்கோயில்ட்டப் பாடை நிக்க வேண்டாம்னு சொல்றாரு."

சாவு வீட்டில் ஆண்களுக்கு வேலை குறைவு, அபிப்பிராயம் அதிகம். ஆனால் பூபதிராஜாவை அப்படித் தள்ளிவிட முடியாது. மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். நேற்று தேனி ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்து இறங்கியதிலிருந்து பந்தல், நாற்காலி, மேளம் என்று எல்லாவற்றுக்கும் ஓடியது அவர்தான். நல்ல மனுஷர்தான், ஒரு பயம் பிடித்துவிட்டால் மட்டும் உடும்புப் பிடி.

"தங்கச்சி, நான் சொல்றதக் கேளு" என்றார் அவர். "நாப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம அங்கன போயிருக்காரு. போடியிலருந்து வந்த சொந்தக்காரங்க என்கிட்டயே கேக்காங்க, பெரியவரு வேதத்துல சேந்துட்டாராமேன்னு. இப்பப் பொணத்த அங்கன நிறுத்திப் பாட்டு வாசிச்சா, ஆமான்னு ஆயிராதா? நாளைக்கு உங்கம்மாவ என்ன பேச்சுப் பேசுவாங்க?"

"நாப்பது வருஷம் ஊதியே சேரலயே. ஒரு பாட்டுலயா சேந்துருவாரு?"

பக்கத்தில் நின்ற ஒருவர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். பாண்டித்துரை தங்கையை முறைத்தான்.

ஊதுவது என்று அவர்கள் சொல்வது, வேதக்கோயில் என்கிற அந்த மாதா கோயிலில் இருந்த குழல் ஆர்கனுக்குக் காற்று அடிப்பதை. ஆர்கன் வாசிக்கிற சூசையப்பன் உள்ளே கட்டைகளை அழுத்துவார். அழுத்தினால் மட்டும் ஒன்றும் வராது, குழாய்களுக்குக் காற்று வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு தோல் துருத்தி, துருத்திக்கு ஒரு மரக்கை. ஒருமுறை துருத்தி கிழிந்து, தைக்கத் தெரிந்தவன் மலையில் எவனுமில்லை என்று ஃபேக்டரி மேனேஜர் குருசாமியை அனுப்பினார். ஆட்டுத்தோலும் ரப்பர் பசையும் வைத்து ஒட்டிவிட்டு, ஒட்டு நிற்கிறதா பார்க்கலாம் என்று ஒரு பூசைக்கு அடித்தார். அப்புறம் அதை அவர் விடவே இல்லை. ஏன் என்று கேட்டால், "பழுது பாத்தவன் பொறுப்பு" என்பார். மின்சார விசிறி வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் இந்த மலையில் காற்றடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் குருசாமியைக் கூப்பிடுவார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, எல்லாவற்றுக்கும் அவர் கைக்காற்றுதான்.

அந்தக் கட்டடமே ஒரு கதை. முதலில் ஏலக்காய் ஸ்டோரை ஒட்டித் தகரக் கொட்டகையாக இருந்தது. அப்புறம் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் வந்து கருங்கல்லில் கட்டினார், வாசல் துரை பங்களாவைப் பார்த்து. ஆர்கன் அப்போது வந்ததுதான். போடியிலிருந்து மாட்டிலும் தலைச்சுமையிலும் ஏறி வந்ததாம், நெட்டைக் குழாயைச் சுமந்தவர்களில் குருசாமியின் தாத்தாவும் ஒருவராம். பின்னால் துரையும் போனான், பங்களாவும் பாழடைந்தது, தார்ச்சாலை கோயிலின் முதுகுப்பக்கம் வந்துவிட்டது. சனங்கள் கோயிலைச் சுற்றி நடந்து சலித்துப்போய், கட்டடத்தைத் திருப்பிவிட்டார்கள். பீடம் இருந்த சுவரை இடித்து வாசலாக்கினார்கள், வாசலை அடைத்துப் பீடமாக்கினார்கள். ஆர்கனை மட்டும் அசைக்க முடியவில்லை. பீடத்துப் பக்கம் இருந்தது வாசலோரத்துக்கு ஆகிவிட்டது. கதவைத் திறந்துவைத்தால் சத்தம் அப்படியே சாலையில் போய் விழும். துருத்தி வெளிச்சுவரை ஒட்டிய பழைய சாய்ப்பறையில் கிடந்தது. அதற்குக் கதவு வெளியிலிருந்துதான். குருசாமி நாற்பது வருஷமும் அந்தக் கதவால் போய் அந்தக் கதவால் வந்தார். கோயிலுக்குள் கால் வைத்தவர் இல்லை.

நாலு நாளைக்கு முன்னால், ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு அவர் சித்ராவைக் கிட்டே கூப்பிட்டார். "எம்புட்டுப் பேரு சாவுக்கு ஊதியிருக்கேன்" என்றார். மூச்சு வாங்கியது. "எனக்கு ஒருதரம் சூசைய வாசிக்கச் சொல்லு தாயி." அவ்வளவுதான். வீடு வாசலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மகனைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. சரிப்பா என்றாள். அந்தச் சரிப்பா இப்போது அவளைப் பாடாய்ப் படுத்தியது.

"அண்ணாச்சி, குருசடிகிட்ட நம்ம கொட்டு நிக்குமா நிக்காதா?" என்று பூபதிராஜாவைக் கேட்டாள்.

"அது நிக்கும். அது ஊர் வழக்கம்ல."

சாலையோரம் சிலுவை நிற்கிற குருசடிக்கு வந்ததும் இந்துக்களின் சாவு மேளம் அடங்கிவிடும். கோயிலைத் தாண்டி வளைவு திரும்பும்வரை, இருநூறு எட்டு வைக்கிற தூரம், காலடிச் சத்தம் மட்டும்தான். அதேபோல் வேதக்காரர் சவப்பெட்டி மாரியம்மன் கோயிலைக் கடக்கும்போது அவர்கள் பேண்டு அடங்கும். யார் எப்போது வைத்த வழக்கமோ, எந்தச் சண்டையிலும் இது மட்டும் முறிந்ததில்லை.

"அப்பப் பொணம் நிக்க வேண்டாம். நீங்க பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருங்க. உங்க கொட்டு நின்ன நேரத்துல உள்ள அவுங்க வாசிச்சா உங்களுக்கென்ன?"

பூபதிராஜா மீசையைத் தடவினார். பந்தலில் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"உள்ளுக்கு அவுங்க என்னமும் செஞ்சுக்கிடட்டும்" என்றார் கடைசியில். "நாம கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. பாடை நிக்காது. அம்புட்டுத்தான்."

பாண்டித்துரையின் தலை அதற்கும் ஆடியது. பாவம், அவனுக்கும் அப்பாதானே என்று சித்ராவுக்கு அப்போதுதான் தோன்றியது. மொட்டையடிக்க உட்கார்ந்தபோது அவன் கண்ணீர் மடியில் விழுந்த மயிரின்மேல் சொட்டியதை அவள் பார்த்தாள்.

கொல்லைப்பக்கம் போய் சூசையப்பனுக்கு ஃபோன் போட்டாள்.

"கோயில் அச்சன்ட்டப் பேசிட்டேன் தாயி" என்றார் அவர். "கதவ ரெண்டையும் விரியத் தொறந்து போடச் சொல்லிட்டாரு. கொட்டு நின்னதும் ஆரம்பிச்சிருவேன். நீ மனசப் போட்டு அலட்டிக்காத."

மூன்று மணிக்கு எடுத்தார்கள். வாய்க்கரிசி போட்டு, கோடித்துணி சாத்தி, மேளம் முழங்க லயத்துப் படிகளில் பாடை இறங்கியது. போடிமெட்டுப் பக்கமிருந்து காற்று சுழற்றி அடித்தது. முச்சந்தியில் பெண்கள் நின்றுகொண்டார்கள். அவர்கள் அதற்குமேல் போகக்கூடாது. நேரே வீடு திரும்பி, தலை முழுகி, விளக்கு வைக்க வேண்டும். ஆண்கள் சாலையில் இடதுபக்கம் திரும்பினார்கள். அப்பாவின் தலை மேடு ஏறி இறங்கி மறைகிறவரை சித்ரா பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ அப்பா, அப்பா என்று வாய்விட்டே அழுதாள்.

அப்போதுதான் டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்த டி.வி. பட்டென்று நின்றது. அவள் இடுப்பில் செருகியிருந்த ஃபோன் அதிர்ந்தது.

"தாயி, கரண்ட் போயிருச்சு." சூசையப்பன்தான். "விசிறி நின்னுபோச்சு."

"ஜெனரேட்டர் இருக்குல்ல மாமா!"

"அது உங்க கோயில்லல்லா கெடக்கு. பொங்கலுக்கு பூபதிராஜா கேட்டாருன்னு குடுத்தோம். ஒரு மாசமாச்சு, நானும் மறந்துட்டேன், அவரும் மறந்துட்டாரு."

சித்ராவுக்கு ஒரு கணம் சிரிப்பதா, தலையிலடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நாலு ஆள் பிடித்து அதைத் தூக்கி வருவதற்குள் அப்பா சுடுகாடு சேர்ந்துவிடுவார்.

"துருத்தி அடிக்க யாருமே இல்லையா மாமா?"

"அடிக்கிறவன்தானே போறான்" என்றார் சூசையப்பன்.

அம்மா சாந்தம்மாளை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். காலையிலிருந்து ஒரு சொல் பேசாதவள் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "என்னடி?"

"கரண்ட் இல்லையாம்மா. துருத்தி அடிக்க ஆளில்ல."

"உனக்கு அடிக்கத் தெரியும்ல? சின்னதுல காப்பி கொண்டுபோறேன்னு போயி, அவருகூடத் தொங்கிக்கிட்டுக் கெடப்பியே."

"தீட்டோட எப்படிம்மா..."

"ஏ, அவள ஏன் உசுப்புற?" பெரியம்மா சின்னத்தாயி குறுக்கே வந்தாள். "பொம்பளப் பிள்ளை நேரா வீட்டுக்குத்தான் போவணும். தலைய விரிச்சுப் போட்டு வேதக்கோயிலுக்கு ஓடுனா நாலு பேரு என்ன சொல்வாங்க?"

சாந்தம்மாள் அக்காவின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "அது வெளியறைதான். அந்தாளு என்னைக்கு உள்ள போனாரு?" என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். "ஏன்டி நிக்க? ஓடு."

சித்ரா ஓடினாள். சாலை மலையைச் சுற்றிப் போகும், தேயிலைக்குள் கொழுந்தெடுப்பவர்களின் ஒற்றையடிப் பாதை குறுக்கே ஏறும். செருப்பில்லாத காலில் கவாத்து வெட்டிய செடியின் குச்சி குத்தியது. சேலை இரண்டு இடத்தில் கிழிந்தது. கீழே மேளம் வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தது. நடையைக் கொஞ்சம் மெதுவாக்குங்களேன் என்று கெஞ்ச வேண்டும்போல் இருந்தது. முப்பத்தெட்டு வயதில் மூச்சு வாங்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

சூசையப்பன் சாய்ப்பறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வெளியே நின்றார். அவளைப் பார்த்ததும் உள்ளே தன் இடத்துக்கு விரைந்தார்.

அறைக்குள் ஜன்னல் கிடையாது. மரக்கை அவள் நினைத்திருந்ததைவிடக் கனத்தது. அமுக்கினாள். பலகைகளுக்குள் பெருமூச்சு மாதிரி ஏதோ புரண்டது. கண்ணுக்கு நேரே சுவரில் ஒரு நூலில் ஈயக்குண்டு தொங்கியது. துருத்தி நிறைந்தால் குண்டு கீழே இறங்கும், காற்றுத் தீர்ந்தால் மேலே ஏறும். மேலொன்றும் கீழொன்றுமாய்ச் சுவரில் இரண்டு கோடு. குண்டு அந்த இரண்டுக்கும் நடுவிலேயே நிற்க வேண்டும். அவசரப்பட்டு அடித்தால் பாட்டு நடுங்கும், ஓய்ந்தால் அறுந்துவிடும். ஆறு, ஏழு அமுக்கில் குண்டு நடுவுக்கு வந்தது.

மேளம் நின்றது.

மலை முழுக்க ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஆர்கன் எழுந்தது. முதலில் ஒரே ஒரு குழாய், தாழ்ந்த குரலில். அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாம். சாவுக்கு வாசிக்கிற பாட்டு. சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்டதுதான். ஆனால் இங்கே, துருத்தி பக்கத்தில், பாட்டைவிடக் காற்றின் இரைச்சல்தான் அதிகம். நாற்பது வருஷம் அப்பா கேட்டது இதைத்தானா என்று நினைத்தாள். மற்றவர்களுக்குப் பாட்டு, அவருக்கு இரைச்சல்.

சாலையில் காலடிகள் வந்தன, சுவருக்கு மிக அருகில். கதவு மூன்று எட்டில் இருந்தது. போய் எட்டிப் பார்த்தால் அப்பாவின் முகம் தெரியும். கடைசியாய் ஒருதரம். முச்சந்தியோடு முடிந்தது என்று நினைத்த முகம், அதோ, பத்தடி தூரத்தில் போகிறது. கையை எடுத்தால் குண்டு மேலே ஓடிவிடும். போகவில்லை. ஈயக்குண்டையே பார்த்துக்கொண்டு அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள்.

காலடிகள் நின்றன.

பாடை நிற்காது என்றுதானே பேச்சு? வெளியே யாரோ மெதுவாகக் கேட்டார்கள். அதற்குப் பூபதிராஜாவின் குரல், கோபமில்லாமல், "தோள் மாத்திக்கிடட்டும்யா. மெதுவா மாத்துங்க" என்றது. தோள் மாற்ற அவ்வளவு நேரம் ஆகாது. பாட்டின் ஒரு அடி முழுக்க முடிந்து அடுத்தது தொடங்கியபிறகுதான் காலடிகள் மறுபடி நகர்ந்தன.

பிறகு அவை தேய்ந்தன. வளைவுக்கு அப்பால் மேளம் பிடித்துக்கொண்டது. முதலில் ஒரு தட்டு, பிறகு முழுவதும். அதுவும் தூரம் போனது.

சூசையப்பன் பாட்டை முடித்து, கட்டைகளிலிருந்து கையை எடுத்தார். எழுந்து வாசல் வழியே சுற்றிக்கொண்டு சாய்ப்பறைக்கு வந்தார். போதும் தாயி, போயிட்டாங்க என்று சொல்லத்தான் வந்தார். சித்ரா அவர் வந்ததைப் பார்க்கவில்லை. வியர்வையில் தலைமுடி முகத்தில் ஒட்டியிருக்க, சுவரைப் பார்த்துக்கொண்டு, அமுக்கிக்கொண்டே இருந்தாள். பாட்டில்லாத துருத்தி உப்பி, குண்டு கீழ்க்கோட்டையும் தாண்டித் தொங்கியது.

அவர் கதவை விரியத் திறந்துவைத்தார். பிறகு சத்தமில்லாமல் திரும்பிப் போய், தன் இடத்தில் உட்கார்ந்து, அடுத்த பாட்டை எடுத்தார்.